ஒரு நாற்காலிக்கு லட்ச ரூபாயா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எங்கள் வீட்டில் என்னை நாற்காலிப் பைத்தியம் என்பார்கள். யார் வீட்டுக்குப் போனாலும் உட்காருவதற்கு முன் நாற்காலியைப் புரட்டி அடிப்பக்கம் பார்க்கிற பழக்கம் எனக்கு உண்டு. இதனால் சில வீடுகளில் எனக்குக் காபி தாமதமாக வந்திருக்கிறது. புது வீடு கட்டுகிற நண்பர்களும் உறவினர்களும் ஒரு படத்தை அனுப்பி, "விலை தலையைச் சுற்றுகிறது, வாங்கலாமா?" என்று கேட்பது வழக்கமாகிவிட்டது. ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொன்னதை இங்கே ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன். கட்டில், அலமாரி, ஊஞ்சல் என்று எல்லாவற்றுக்கும் இந்தக் கேள்வி உண்டு. நாற்காலியில் அது பளிச்சென்று தெரிகிறது. எழுநூறு ரூபாய்க்கும் நாற்காலி இருக்கிறது, ஏழு லட்சத்துக்கும் இருக்கிறது, இரண்டிலும் உட்காரத்தான் முடியும்.

லட்ச ரூபாய் நாற்காலியில் அப்படி என்னதான் இருக்கிறது?

ஓர் உதாரணம் எடுத்துக்கொள்வோம். டென்மார்க்கைச் சேர்ந்த ஹான்ஸ் வெக்னர் 1949-இல் ஒரு மர நாற்காலி வரைந்தார். முதுகுப் பக்கம் உண்டிவில் கவட்டை போல ஒரு துண்டு இருக்கும், அதனால் 'ஒய் நாற்காலி' என்றும் பெயர். கார்ல் ஹான்சன் என்ற நிறுவனம் 1950 முதல் இன்றுவரை அதை விடாமல் செய்து விற்கிறது. உட்காரும் இடம் முறுக்கிய காகிதக் கயிற்றால் கையால் பின்னப்படுகிறது. ஒரு நாற்காலிக்குச் சுமார் 120 மீட்டர் கயிறு, தேர்ந்த கைக்கு ஒரு மணி நேர வேலை. மொத்தமாகப் பார்த்தால் நூறு படிகளுக்கு மேல் வருகிறது. முதுகுக்கும் கைக்கும் சேர்த்து ஒரே வளைவாக வருகிற கட்டை, மரத்தை நீராவியில் பதப்படுத்தி வளைத்தது.

இதெல்லாம் விளம்பரத்தில் வருகிற விஷயம்தான். உட்கார்ந்து பார்த்தால் தெரிவது வேறு. கை வைக்கிற இடத்தில் மரம் எங்கும் முனையாக இல்லை. ஒரு கையால் தூக்கி நகர்த்தலாம். மூட்டு மூட்டாகத் தடவினாலும் நகம் நுழைய இடைவெளி கிடையாது. புரட்டிப் பார்த்தால் அடிப்பக்கமும் மேல்பக்கத்தைப் போலவே இழைத்திருக்கிறது.

மலிவான மர நாற்காலி பெரும்பாலும் ஒரே இடத்தில்தான் சாகும்: பின்கால், உட்காரும் சட்டத்தோடு சேர்கிற மூட்டு. நாம் பின்னால் சாய்கிற ஒவ்வொரு முறையும் அந்த மூட்டைத்தான் நெம்புகிறோம். ஆணியும் பசையும் மட்டும் போட்டிருந்தால் இரண்டு வருடத்தில் ஆட்டம் கண்டுவிடும். ஒரு கட்டையில் துளை போட்டு, இன்னொன்றின் நுனியைச் செதுக்கி இறுக்கமாகச் சொருகியிருந்தால் தாத்தா உட்கார்ந்ததில் பேரன் உட்காரலாம். வாங்கப் போகும்போது முதலில் அந்த மூட்டைப் பாருங்கள். வளைவு, பாலீஷ், பெயர் எல்லாம் அப்புறம்.

அப்படியானால் கொடுக்கிற பணம் முழுக்க வேலைப்பாட்டுக்குத்தானா?

இல்லை. மரமும் உழைப்பும் ஒரு பங்கு. வடிவமைத்தவரின் பெயரும் நிறுவனத்தின் பெயரும் இன்னொரு பங்கு. கப்பல் கூலி, சுங்கவரி, பளிங்குத் தரை போட்ட கடையின் வாடகை எல்லாம் மூன்றாவது. இந்த மூன்றில் முதல் பங்கு மட்டும்தான் உங்கள் வீட்டுக்கு வந்து சேர்கிறது.

பெயருக்கான பங்கு எவ்வளவு தூரம் போகும் என்று தெரிய வேண்டுமானால் 'லூயி கோஸ்ட்' நாற்காலியைப் பாருங்கள். பிலிப் ஸ்டார்க் வடிவமைத்து 2002-இல் இத்தாலியின் கார்ட்டெல் வெளியிட்டது. பிரெஞ்சு அரசர் காலத்து முட்டை வடிவ முதுகு நாற்காலியை அப்படியே கண்ணாடி போன்ற பாலிகார்பனேட் என்ற பிளாஸ்டிக்கில் வார்த்திருக்கிறார்கள். ஒரே அச்சில் ஊற்றி எடுப்பது. நம் தெருமுனைக் கடையில் அடுக்கி வைத்திருக்கிற பிளாஸ்டிக் நாற்காலியும் ஒரே அச்சில் ஊற்றி எடுப்பதுதான். கோஸ்ட்டின் பிளாஸ்டிக் தரமானது, கனமானது, யோசனையும் சாமர்த்தியமானது, மறுக்கவில்லை. ஆனால் நாள்பட்டால் கீறல் விழும், அந்தக் கீறலை மரத்தைப் போல இழைத்து எடுக்க முடியாது. பெருக்கித் துடைக்கிற வீட்டில் கண்ணுக்குத் தெரியாத நாற்காலி எதற்கு என்பது என் கட்சி. எத்தனை முறை இடித்துக்கொள்வீர்கள் என்று யோசித்துப் பாருங்கள்.

குப்பையில் கிடந்த சண்டிகர் நாற்காலி வெளிநாட்டில் லட்சக்கணக்கில் விற்கிறதாமே, உண்மையா?

உண்மை. இந்தக் கேள்விக்கு மட்டும் நீளமாகத்தான் பதில் சொல்ல முடியும்.

பிரிவினையில் லாகூர் பாகிஸ்தான் பக்கம் போனதால் இந்தியப் பஞ்சாபுக்குப் புதிய தலைநகர் தேவைப்பட்டது. 1951 முதல் பிரெஞ்சுக் கட்டடக் கலைஞர் லே கொர்பூசியே சண்டிகரின் திட்டத்தை வரைந்தார். அவர் வந்து வந்து போனார். அங்கேயே தங்கி வேலையை நடத்தியவர் அவருடைய உறவுச் சகோதரர் பியேர் ஜான்னரே. 1965 வரை இருந்தார். 1967-இல் அவர் இறந்த பிறகு, அவர் விருப்பப்படியே அஸ்தியைச் சண்டிகரின் சுக்னா ஏரியில் கரைத்தார்கள்.

ஒரு நகரம் முழுக்க அலுவலகம், நீதிமன்றம், பல்கலைக்கழகம், நூலகம் கட்டினால் ஆயிரக்கணக்கில் நாற்காலி வேண்டும். அதை வடிவமைத்தது ஜான்னரேயும் யூலி சவுத்ரி போன்ற இந்தியக் கட்டடக் கலைஞர்களும். மரம் பெரும்பாலும் தேக்கு, உட்காரவும் சாயவும் பிரம்புப் பின்னல். கால்கள் காம்பஸை விரித்து நிறுத்தியது போல இருக்கும். செய்தவர்கள் அந்தப் பகுதித் தச்சர்கள். பல பட்டறைகளில் செய்ததால் ஒன்றுக்கொன்று அளவு கொஞ்சம் மாறும். குமாஸ்தா உட்கார்ந்து கோப்பு எழுதுவதற்குச் செய்த அரசாங்க நாற்காலி, அவ்வளவுதான்.

அப்புறம் இரும்பு நாற்காலியும் மெத்தை நாற்காலியும் வந்தன. பிரம்பு கிழிந்த பழைய நாற்காலிகளை மொட்டை மாடியிலும் கொல்லையிலும் குவித்தார்கள். பிறகு பழைய சாமான் என்று மொத்தமாக ஏலம் விட்டார்கள். 1990-களின் கடைசியிலிருந்து பாரிஸ் வியாபாரிகள் சிலர் வந்து அவற்றைக் கப்பல் கப்பலாக வாங்கிப் போனார்கள். இழைத்து, பாலீஷ் போட்டு, புதிதாகப் பிரம்பு பின்னி, பாரிஸிலும் நியூயார்க்கிலும் விற்றார்கள். ஒரு நாற்காலியே பல லட்சத்துக்குப் போனது. அது தெரிந்த பிறகு, 2011-இல், மத்திய அரசு விற்கக் கூடாது என்று உத்தரவு போட்டது. அதற்கு முன் ஏலத்தில் முறையாக வாங்கியவற்றை என்ன செய்வது? 1972-ஆம் வருடத்துத் தொல்பொருள் சட்டப்படி இப்படிப்பட்ட பொருள் தொல்பொருளாகக் கணக்கில் வர நூறு வயது ஆகியிருக்க வேண்டும். இந்த நாற்காலிகளுக்கு அவ்வளவு வயது ஆகவில்லை. அதனால் வெளிநாட்டு ஏலங்களில் அந்த நாற்காலி தலைகாட்டும்போதெல்லாம் இங்கிருந்து எதிர்ப்புக் கடிதம் போகிறது, ஏலமும் நடக்கிறது.

எனக்கு இதில் ரொம்பப் பிடித்தது ஒன்று. அந்த நாற்காலிகளின் முதுகுப் பக்கத்தில் எந்தத் துறை, எந்த எண் என்று பெயின்ட்டில் எழுதியிருப்பார்கள். யாரும் வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு போய்விடக் கூடாது என்பதற்காக எழுதியது. இன்றைக்கு அந்த எழுத்து இருந்தால்தான் அசல் என்று விலை ஏறுகிறது. புது நாற்காலியில் பழைய எண்ணை எழுதி ஏமாற்றுகிறவர்களும் இருக்கிறார்கள்.

வாங்குகிறவருக்கு இதில் என்ன பாடம் என்று கேட்டால்: ஏலத்துக்குப் போன நாற்காலியும் அதே தேக்கு, அதே பிரம்பு, அதே தச்சர் கை. பின்னால் ஏறிய லட்சங்கள் கதைக்கானவை. கதை வேண்டும் என்பவர்கள் கொடுக்கட்டும். வடிவம் பிடித்திருக்கிறது, உட்கார வேண்டும் என்பவர்களுக்குப் புதிதாகச் செய்தது போதும். பெங்களூரின் பேண்டம் ஹேண்ட்ஸ் கையால் செய்து விற்கிறது, இத்தாலியின் கசீனாவும் 2019 முதல் செய்கிறது. இவையும் மலிவில்லை. ஆனால் இங்கே பணம் மரத்துக்கும் கைக்கும் போகிறது என்று சொல்லலாம்.

இந்த மாதிரி நாற்காலிகள் எல்லாம் பணக்காரர்களுக்கென்றே செய்தவைதானே?

வேடிக்கை என்னவென்றால், பாதிக்கு மேல் அப்படி இல்லை. வியன்னாவில் மிக்கேல் தோனெட் 1859-இல் கொண்டுவந்த 14-ஆம் எண் நாற்காலி காபிக் கடைகளுக்கான மலிவு நாற்காலி. ஆறு மரத் துண்டு, பத்துத் திருகாணி, இரண்டு நட்டு, கதை முடிந்தது. பிரித்து அடுக்கினால் ஒரு கன மீட்டர் பெட்டியில் 36 நாற்காலி போகும், வாங்கிய இடத்தில் பூட்டிக்கொள்ளலாம். அமெரிக்காவின் சார்லஸ், ரே ஈம்ஸ் தம்பதி வார்ப்பு நாற்காலியைத் தொடங்கியதே 1948-இல் நியூயார்க்கில் நடந்த குறைந்த விலை மரச்சாமான் போட்டிக்காகத்தான். இன்று தோனெட்டும் ஈம்ஸும் 'அசல்' என்ற முத்திரையோடு வாங்கப் போனால் ஏழைக்கு எட்டாத விலை. மலிவாகச் செய்ய வேண்டும் என்ற யோசனையைத்தான் விலை உயர்த்தி விற்கிறார்கள். இதை நினைத்தால் சில சமயம் சிரிப்பு வரும், சில சமயம் எரிச்சல் வரும்.

நகல் வாங்குவது சட்டப்படி தப்பா?

இந்தியாவில் 2000-ஆம் ஆண்டின் வடிவமைப்புச் சட்டப்படி பதிவு செய்த வடிவத்துக்குப் பாதுகாப்பு பத்து வருடம், நீட்டித்தால் பதினைந்து. 1950-களின் நாற்காலி வடிவங்கள் அந்த எல்லையை எப்போதோ தாண்டிவிட்டன. ஆனால் நிறுவனத்தின் பெயரையும் முத்திரையையும் ஒட்டி அசல் என்று விற்பது வேறு குற்றம்.

சட்டத்தைவிடத் தரம்தான் பிரச்சினை. சில வருடங்களுக்கு முன் நானே இணையத்தில் ஒரு நகல் வரவழைத்தேன். தேக்கு என்று போட்டிருந்தார்கள். வந்ததும் வழக்கம்போலப் புரட்டினேன். கால் நுனியைச் சுரண்டினால் உள்ளே வெள்ளை வெளேர் என்று ஏதோ ஒரு மரம், மேலே தேக்கு நிறச் சாயம். படத்தில் காம்பஸ் மாதிரி அழகாக விரிந்த கால், நேரில் வயிற்றுவலிக்காரர் நிற்பது போல ஒட்டி நின்றது. அளவைக் கொஞ்சம் குறைத்தால் ஒரு பெட்டியில் இரண்டு போகும் என்று யாரோ கணக்குப் போட்டிருக்க வேண்டும். நல்ல வடிவத்தில் அரை அங்குலம் மாறினாலும் கண் கண்டுபிடித்துவிடும். ஏன் பிடிக்கவில்லை என்று மட்டும் சொல்லத் தெரியாது.

நம் ஊர் ஆசாரியிடம் கொடுத்துச் செய்துகொண்டால் ஆகாதா?

ஆகும். பல பேருக்கு நான் சொல்கிற முதல் பதிலே இதுதான். ஆனால் சில விஷயங்கள் தெரிந்துகொண்டு போங்கள்.

செல்போனில் படத்தைக் காட்டி "இதே மாதிரி" என்று சொல்லாதீர்கள். படத்தில் சாய்வு தெரியாது, ஆழம் தெரியாது. அளவு எழுதிய வரைபடம் வேண்டும். இல்லையென்றால் உங்களுக்கு உட்காரப் பிடித்த நாற்காலி ஒன்றை எங்காவது இரவல் வாங்கிக் கொண்டுபோய் ஆசாரி முன்னால் வையுங்கள். அவர் அளவு எடுத்துக்கொள்வார்.

சாய்ந்த பின்கால்தான் செலவு. நேரான காலை ஒல்லிக் கட்டையில் அறுக்கலாம். முதுகோடு சேர்ந்து பின்னால் வளைந்து போகிற காலுக்கு அகலமான பலகை வேண்டும், அதில் பாதி கழிவாகப் போகும். அதனால்தான் மலிவு நாற்காலிகள் எல்லாம் விறைப்பாக நிமிர்ந்து நிற்கின்றன. எனக்கு நாற்காலி செய்த ஆசாரி வரைபடத்தைப் பார்த்ததும், "சாய்வு பத்தாது சார், இதுல உட்கார்ந்தா நாலு நாள்ல முதுகு பிடிச்சுக்கும்" என்றார். நான் வரைந்ததைத் திருத்தி ஒரு அங்குலம் கூட்டினார். அவர் சொன்னதுதான் சரி.

ஒரு நாற்காலிக்குக் கழிவெல்லாம் சேர்த்தும் ஒரு கன அடிக்குள் மரம் போதும். மரத்தின் விலை தரத்துக்குத் தக்கபடி மாறும். வைரம் பாய்ந்த நடுக்கட்டை வேண்டும் என்று சொல்லுங்கள், ஓரத்து வெள்ளைப் பகுதி சேர்ந்தால் பூச்சி அதைத்தான் முதலில் தேடி வரும். ஈரம் காயாத மரமாக இருந்தால் எவ்வளவு நல்ல மூட்டும் பிறகு சுருங்கி இளகிவிடும். தேக்கே வேண்டும் என்றும் இல்லை. பூவரசு, பலா, வேம்பு எல்லாவற்றிலும் நல்ல நாற்காலி பார்த்திருக்கிறேன்.

கடைசியாக, ஆறு வேண்டுமானாலும் முதலில் ஒன்று மட்டும் செய்யச் சொல்லுங்கள். ஒரு மாதம் வீட்டில் எல்லோரும் மாறி மாறி உட்காருங்கள். மீதி ஐந்தும் அப்புறம். பொறுமை இல்லாமல் ஆறும் ஒரே தடவையில் செய்து, ஆறிலும் ஒரே குறையோடு வாழ்கிற வீடுகளை எனக்குத் தெரியும்.

கூலியில் பேரம் பேசுவதில் ஒரு எல்லை வையுங்கள். டென்மார்க்கில் ஒரு மணி நேரம் கயிறு பின்னுகிறவருக்குக் கொடுக்க மனம் வருகிறது, நம் ஊரில் இரண்டு நாள் இழைக்கிறவரிடம் ஐந்நூறு குறைக்கச் சொல்கிறோம்.

கலை நாற்காலி என்றால் உட்கார வசதியாக இருக்குமா?

சொல்ல முடியாது. கெரிட் ரீட்வெல்ட் 1918-இல் செய்த நாற்காலி, பிறகு சிவப்பும் நீலமும் பூசி உலகப் புகழ் பெற்றது. வெறும் பலகை. பார்க்கலாம், படம் எடுக்கலாம், அரை மணி நேரம் உட்கார்ந்தால் எழுந்துவிடத் தோன்றும். அமெரிக்காவின் பெரிய கட்டடக் கலைஞர் ஃபிராங்க் லாய்ட் ரைட், தான் வடிவமைத்த மரச்சாமான்களோடு பழகியே வாழ்நாள் முழுவதும் உடம்பில் எங்காவது கன்றிப்போயிருந்ததாகத் தானே எழுதியிருக்கிறார்.

நமக்கு இன்னொரு சிக்கல் உண்டு. மேல்நாட்டு நாற்காலிகளில் உட்காரும் உயரம் 17, 18 அங்குலம். ஐந்தடி உயரமுள்ள நம் அம்மாக்களுக்கு 15, 16 அங்குலம்தான் பொருந்தும். போதாததற்கு அவர்கள் வீட்டுக்குள் செருப்போ ஷூவோ போட்டு உட்காருகிற கணக்கில் செய்கிறார்கள், நாம் வெறுங்கால். பாதம் தரையில் முழுதாகப் படியாமல் தொங்கினால் தொடையின் அடிப்பக்கம் மரத்துப்போகும். வீட்டில் பெரியவர்களுக்கு வாங்குவதாக இருந்தால் விலையைவிட இதைப் பாருங்கள்.

நாம் நாற்காலியிலும் ஒரு காலை மடக்கி வைத்து உட்காருகிற கூட்டம் என்பதை மறக்க வேண்டாம். கை வைத்த குறுகலான நாற்காலியில் அது நடக்காது. உட்காரும் பலகை அகலமாக, கை இல்லாமல் இருந்தால் சம்மணமே போடலாம். கடையில் உட்கார்ந்து பார்க்கும்போது கூச்சப்படாமல் வீட்டில் உட்காருகிற மாதிரியே உட்காருங்கள். கடைக்காரர் முறைத்தால் முறைக்கட்டும்.

முதலீடாக வாங்கலாமா? தங்கம் மாதிரி விலை ஏறுமா?

ஏறாது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஐலீன் கிரே என்ற வடிவமைப்பாளர் செய்த ஒரு டிராகன் நாற்காலி, 2009-இல் பாரிஸில் நடந்த ஏலத்தில் 2.19 கோடி யூரோவுக்குப் போனது. 2015-இல் லண்டனில் மார்க் நியூசனின் உலோகச் சாய்மஞ்சம் ஒன்று 24 லட்சம் பவுண்டைத் தாண்டியது. இந்தச் செய்திகளைக் காட்டித்தான் கடைகளில் ஆசை மூட்டுவார்கள். முதலாவது, ஆடை வடிவமைப்பாளர் ஈவ் சான் லோராந்த் வீட்டில் இருந்தது. இரண்டாவது, விரல்விட்டு எண்ணிவிடக் கூடிய அளவில் செய்தது. நீங்கள் கடையில் வாங்குவது இன்னும் ஆலையிலிருந்து வந்துகொண்டே இருக்கிற நாற்காலி. வீட்டுக்கு வந்த மறுநாள் அது பழைய சாமான். நம் ஊரில் அதைத் திரும்ப வாங்கிக்கொள்ள ஆளும் குறைவு.

இருபது வருடம் உழைக்கும், கணக்குப் பார்த்தால் ஒரு நாளைக்கு எட்டு ரூபாய்தானே?

இந்தக் கணக்கை எனக்கு நிறையப் பேர் அனுப்புகிறார்கள். அறுபதாயிரத்தை இருபது வருடத்து நாட்களால் வகுத்தால் எட்டு ரூபாய் சொச்சம் வரும், சரிதான். எழுநூறு ரூபாய் பிளாஸ்டிக் நாற்காலியை ஐந்து வருடத்துக்கு அதே மாதிரி வகுத்துப் பாருங்கள், நாற்பது பைசாகூட வராது. எந்தச் செலவையும் நாட்களால் வகுத்தால் சின்னதாகத்தான் தெரியும். நல்ல நாற்காலியை நியாயப்படுத்த இந்தக் கணக்கு உதவாது. அதன் கால் உடைந்தால் மாற்றலாம், பிரம்பு கிழிந்தால் திரும்பப் பின்னலாம், நிறம் மங்கினால் இழைக்கலாம். பிளாஸ்டிக் நாற்காலி கால் உடைந்தால் அத்தோடு சரி. பழுது பார்க்க முடியுமா, உங்கள் ஊரில் அதற்கு ஆள் இருக்கிறாரா என்பதைக் கேட்டு வாங்குங்கள்.

காரைக்குடியில் பழைய நாற்காலி வாங்குவது நல்லதா?

நல்ல வழிதான், கண் பழகியிருந்தால். முனீஸ்வரன் கோயில் தெருக் கடைகளில் செட்டிநாட்டு வீடுகளிலிருந்து வந்த பர்மா தேக்குச் சாமான்கள் கிடைக்கும். கால் நீட்டிக்கொள்ளக் கை நீளமாக வைத்த பழைய சாய்வு நாற்காலிகள்கூட அகப்படும். அந்தக் காலத்து மரத்தின் தரத்தை இன்று புதிதாக வாங்க நிறையச் செலவாகும்.

பகல் வெளிச்சத்தில் பாருங்கள். சின்னத் துளைகளில் மாவு போலப் புதுத் தூள் உதிர்ந்தால் பூச்சி இன்னும் உள்ளே இருக்கிறது என்று அர்த்தம். நான்கு காலின் நிறமும் ரேகையும் ஒத்துப்போகிறதா, ஒரு கால் மட்டும் பிறகு சேர்த்ததா என்று பாருங்கள். பழையது போலத் தேய்த்துக் கறுப்பேற்றிய புதுச் சாமானும் பழைய சாமான் கடைகளுக்கு வருவதுண்டு. மனிதர் கையும் காலும் படுகிற இடத்தில்தான் இயற்கையாகத் தேயும். எல்லா இடமும் ஒரே மாதிரி தேய்ந்திருந்தால் சந்தேகப்படுங்கள்.

நம் வெயிலுக்கும் மழைக்கும் இவை தாங்குமா?

தேக்கு தாங்கும். பிரம்பு ஏசி அறையில் வறண்டு வெடிக்கும், எப்போதாவது ஈரத்துணியால் அடிப்பக்கம் துடைத்தால் நல்லது. காகிதக் கயிற்றுக்குத் தண்ணீர் ஆகாது, சாம்பார் சிந்தினால் அந்தக் கறை உங்களோடு இருக்கும். தோல் மழைக்காலத்தில் பூஞ்சை பிடிக்கும், கடலோர ஊர் என்றால் கேட்கவே வேண்டாம்.

வீட்டில் சின்னக் குழந்தைகளும் பூனையும் இருக்கின்றன.

ஐந்து வருடம் கழித்து வாங்குங்கள்.

ஒரே விலையில் ஆறு சுமாரான நாற்காலியா, ஒரு நல்ல நாற்காலியா?

வீட்டில் யாராவது தினமும் இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஒரே இடத்தில் உட்காருகிறார்கள் என்றால், அந்த இடத்துக்கு ஒன்று நல்லதாக வாங்குங்கள். அப்பா பேப்பர் படிக்கிற ஜன்னலோரம், பிள்ளை படிக்கிற மேசை, அம்மா காய் நறுக்குகிற இடம். மற்றதெல்லாம் சாதாரணமாக இருக்கட்டும். வீட்டில் விசேஷம் என்றால் எப்படியும் பிளாஸ்டிக் நாற்காலி வாடகைக்கு வரத்தான் போகிறது.

ஒரு நிபந்தனை: வாங்கிய பிறகு அதைக் காட்சிக்கு வைக்காதீர்கள். மேலே துணி போர்த்தி, விருந்தாளி வந்தால் மட்டும் எடுக்கிற நாற்காலிக்குக் கொடுத்த பணம் முழுக்க நஷ்டம். எனக்குத் தெரிந்த ஒரு வீட்டில் விலை உயர்ந்த நாற்காலியில் மூன்று வருடமாக இஸ்திரி போட வேண்டிய துணிதான் உட்கார்ந்திருக்கிறது.

பயன் எல்லாம் சரி, வெறும் அழகுக்காக வாங்குவது தப்பா?

தப்பே இல்லை. ஆனால் அழகு விலையில்தான் இருக்கிறது என்று நினைத்துவிட வேண்டாம். மேலே சொன்ன ஈம்ஸ் தம்பதி 1956-இல் வெளியிட்ட தோல் சாய்வு நாற்காலி இன்று அசலாக வாங்கினால் பல லட்சம். அவர்களை இந்திய அரசு அழைத்து, நாடு முழுவதும் சுற்றிப் பார்க்க வைத்து அறிக்கை கேட்டது. 1958-இல் அவர்கள் கொடுத்த அந்த அறிக்கையின் வழியாகத்தான் 1961-இல் அகமதாபாத்தில் தேசிய வடிவமைப்பு நிறுவனம் வந்தது. இந்தியாவில் தாங்கள் பார்த்து வியந்த பொருட்களிலேயே மிக அழகானது என்று அதில் அவர்கள் குறிப்பிட்டது எதைத் தெரியுமா? சொம்பு. நம் வீட்டு அடுப்படியில் தண்ணீர் மொள்ளுகிற சொம்பு. எவ்வளவு கொள்ளும், இடுப்பில் எப்படி நிற்கும், நிறைந்திருக்கும்போதும் காலியாக இருக்கும்போதும் கனம் எங்கே விழும், ஊற்றினால் எப்படி வழியும், கழுவ எளிதா, என்ன விலை என்று ஒவ்வொன்றாக யோசித்திருக்கிறார்கள். யாரோ ஒருவர் வரைந்ததில்லை, தலைமுறை தலைமுறையாக மாறி மாறி வந்த வடிவம் என்பதுதான் அவர்களுக்கு ஆச்சரியம்.

எந்த நாற்காலியையும் அந்தச் சொம்பைப் பார்க்கிற மாதிரி பார்த்து, அந்தக் கேள்விகளையே கேட்டு வாங்கலாம்.

கடைசியாக, வாங்கிய விலையை வீட்டில் உள்ளபடி சொல்லலாமா?

நான் சொன்னேன். இரண்டு வருடம் முன் ஒரே ஒரு நல்ல நாற்காலி வாங்கி ஜன்னலோரம் போட்டேன். ஊரிலிருந்து வந்த அத்தை அதில் உட்கார்ந்து, கையைத் தடவிப் பார்த்து, ஒரு காலை மடக்கி வைத்துக்கொண்டு, "நல்லாத்தான் இருக்கு, எவ்வளவுடா?" என்றார். சொன்னேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "பரவால்ல, மீதி அஞ்சும் எப்ப வருது?" என்று கேட்டார். வரும் அத்தை என்று இன்றுவரை சொல்லிக்கொண்டிருக்கிறேன்.